நீலிக் கண்ணீர் பொய்க் கண்ணீரா?

எங்கள் பள்ளியின் பின்புற மாடிப்படியில் பேய் இருக்கிறது என்று ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு காலாண்டுத் தேர்வுச் சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். இரண்டே நாட்களில் அந்தப் பேய்க்கு வெள்ளைச் சேலை வந்தது; நான்காம் நாள் கால் கொலுசும் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் ஐந்து ஐந்து பேராகக் கைகோத்துப் போனார்கள். சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் படிக்கட்டில் ஒரு டியூப் லைட் போடச் சொன்னார். பேய் போய்விட்டது.

ஆனால் அந்த வாரம் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் தமிழ் வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “டீச்சர், பேய் உண்டா இல்லையா என்பதை விடுங்கள். பேய் என்றால் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது?” என்றார்கள். மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாத பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

முதலில் ஜப்பானுக்குப் போய் வருவோம். அந்நாட்டுப் பள்ளிச் சிறுமியரும் நம் ஆறாம் வகுப்புக் குழந்தைகளைப் போலவே ஒரு பேயை வைத்திருக்கிறார்கள். மூன்றாம் மாடி, பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு. மூன்று முறை தட்டி, “ஹனாகோ, இருக்கிறாயா?” என்று கேட்டால் உள்ளிருந்து மெல்லிய குரலில் பதில் வருமாம். 1995இல் அவள் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. பேய்ப் படம் எடுப்பதில் இன்று உலகமே அண்ணாந்து பார்க்கும் நாடு ஜப்பான்தான். ஆகவே அவர்களுடைய பேய்கள் யார் யார் என்று விசாரித்துப் பார்ப்பது பயனுடையது.

ஓயிவா என்பவள் ஒருத்தி. 1825இல் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், கபுகி நாடக மேடையில் முதன்முதலாகத் தோன்றினாள். கணவன் வசதியான வேறிடத்தில் மணம் செய்துகொள்வதற்காக அவளுக்கு மருந்தென்று சொல்லி நஞ்சு கொடுக்கப்படுகிறது. முகம் விகாரமாகிறது, தலை வாரும்போது கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இன்றும் அந்நாடகத்தில் நடிப்பவர்கள் முன்கூட்டியே அவள் கோயிலுக்குப் போய் வணங்கிவிட்டு வருவது வழக்கம். இன்னொருத்தி ஓகிகு. பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்தாள் என்று பொய்ப்பழி சுமத்திக் கிணற்றில் தள்ளப்பட்ட வேலைக்காரப் பெண். இரவில் கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணுவாளாம். பத்து வராமல் ஓலமிடுவாளாம். ஹிமேஜி கோட்டையில் அவள் பெயரில் ஒரு கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒருத்தியும் இருக்கிறாள். 1965இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசு பெற்ற ‘குவைதான்’ படத்தில் நான்கு கதைகள். கொபயாஷி மசாகி இயக்கியது. முதல் கதையின் நாயகி ஒரு நெசவுக்காரி! கியோத்தோ நகரில் துணி நெய்து, வறுமைப்பட்ட வீரனான தன் கணவனைக் காப்பாற்றி வருகிறாள். அவன் பதவிக்கு ஆசைப்பட்டு அவளை விட்டுவிட்டு, பெரிய இடத்துப் பெண்ணை மணந்துகொள்கிறான். பல ஆண்டுகள் கழித்து மனம் மாறித் திரும்பி வருகிறான். பழைய வீட்டில் விளக்கு எரிகிறது. அவள் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் வரவேற்கிறாள். பொழுது விடிந்து பார்த்தால் அவன் அருகில் கிடப்பது எலும்பும் நீண்ட கருங்கூந்தலும்தான். கியோத்தோவும் நம் காஞ்சியைப் போலப் பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற பழைய தலைநகர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த வீட்டை நம் தெருக்களில் ஏதோ ஒன்றில் பார்த்ததுபோலவே இருக்கும்.

இவர்கள் வழியில் வந்தவள்தான் சதாகோ. 1998இல் நகாதா ஹிதேயோ இயக்கிய ‘ரிங்கு’ படத்தில், தந்தையாலேயே அடித்துக் கிணற்றில் தள்ளப்பட்ட பெண். வெள்ளை உடை, முகத்தை மூடிய கூந்தல், தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வரும் அந்தக் காட்சி! 2002இல் வந்த ‘ஜுஓன்’ படத்தின் கயாகோ, சந்தேகப்பட்ட கணவனால் கொல்லப்பட்டவள். இவ்விரு படங்களையும் அமெரிக்கர்கள் வாங்கி 2002இலும் 2004இலும் தங்கள் மொழியில் எடுத்தார்கள். அதற்குப் பின் ஜப்பான் என்றால் ஃபூஜி மலை, விரைவு ரயில், சதாகோ என்று சொல்லும் அளவுக்கு அப்பேய் நாட்டின் அடையாளமாகிவிட்டது. 2012இல் தோக்கியோ மைதானத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் முதல் பந்தை வீசவே சதாகோ வேடமிட்ட ஒருவரை அழைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (இந்த நாட்டு அடையாளத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘குவைதான்’ கதைகளை எழுதியவர் ஜப்பானியரே அல்லர். கிரேக்கத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்து, ஜப்பானில் மணம் செய்து குடியேறிய லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர். எழுதியதும் ஆங்கிலத்தில்!)

கணவன், எஜமானன், தந்தை. கொன்றவர்கள் இவர்கள்தாம். இந்தப் பெண்கள் காட்டிலோ சுடுகாட்டிலோ சாகவில்லை, வீட்டுக்குள் செத்தவர்கள். உயிரோடிருந்தபோது அவர்கள் சொன்னதைக் கேட்க ஆளில்லை. பேய்ப் படம் என்பது ஒரு நாட்டார் தாம் கேளாமல் விட்ட வழக்குகளை இருட்டில் உட்கார்ந்து கேட்கும் இடம் என்பது என் கருத்து. மாணவியர் கேட்ட கேள்விக்கு இதுவே என் முதல் பதில்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சதாகோ கிணற்றிலிருந்து வெளிவந்த அதே 1998இல்தான் நம் ரஜினிகாந்தின் ‘முத்து’ தோக்கியோ நகரத் திரையரங்கில் வாரக்கணக்காக ஓடியது. அவர்கள் நம்மிடமிருந்து ஆட்டத்தையும் பாட்டையும் வாங்கிக்கொண்டார்கள். நம் பேய்களை அவர்கள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்ததுண்டு.

நம் திரைப்படப் பேய் வெள்ளைச் சேலை கட்டியிருக்கும். 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ’ படத்தில் இரவில் வெள்ளைச் சேலையில் பாடிக்கொண்டு போகும் உருவத்தை உங்கள் பாட்டிமார் நினைவில் வைத்திருப்பார்கள். அதுவும் ‘வோ கௌன் தீ’ என்ற 1964ஆம் ஆண்டு இந்திப் படத்தின் தழுவல். முடிவில் பேயே கிடையாது, சொத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்று தெரியவரும். ஜப்பானியப் பேயின் வெள்ளை உடை பிணத்துக்கு உடுத்துவது. நம் பேயின் வெள்ளையோ அன்று உயிரோடிருந்த கைம்பெண்ணுக்கு நாம் விதித்த உடை. அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில் கழுத்து நிறமுமாக உலகத்துக்கே நெய்து தரும் இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. செத்தவளுக்கு என்று தனியாக ஓர் உடை தேட வேண்டிய அவசியமே நமக்கு ஏற்படவில்லை.

இன்னொரு செய்தியையும் கவனித்திருக்கிறேன். 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தில் நாகவல்லி என்ற நடனப் பெண்ணின் ஆவி பேசுவது தமிழ், தஞ்சாவூர்க்காரி. 2004இல் அது ‘ஆப்தமித்ரா’ என்று கன்னடத்துக்குப் போயிற்று. 2005இல் ‘சந்திரமுகி’ என்று தமிழுக்கு வந்தது. நம் சந்திரமுகியோ தெலுங்கு பேசுகிறாள், தெலுங்கில் பாடுகிறாள். 2007இல் இந்திக்குப் போனபோது அவள் வங்காளப் பெண் மஞ்சுலிகா ஆகிவிட்டாள். ஒவ்வொரு மொழியாரும் பேயை அடுத்த வீட்டுப் பெண் என்றே சொல்லியிருக்கிறார்கள்! ஜப்பானியர் சதாகோவை எங்கள் பெண் என்று ஒப்புக்கொண்டார்கள். நாமோ நம் பேய்க்கு வேறு மாநிலத்து முகவரி எழுதி அனுப்பிவிட்டோம்.

சில பெற்றோர் என்னிடம், “ஜப்பான்காரன் எவ்வளவு நேர்த்தியாகப் பயமுறுத்துகிறான்! நம்மவர்கள் ‘காஞ்சனா’ மாதிரி பேயை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறார்களே” என்று குறைப்பட்டுக்கொண்டதுண்டு. இதை நான் ஒப்பமாட்டேன். பேயைக் கண்டு நடுங்கிக்கொண்டே சிரிப்பது தமிழனின் பழைய வழக்கம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியை எடுத்துப் பாருங்கள். பசியால் வாடிய பேய்கள். கூன் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று எத்தனை வகை! போர்க்களத்தில் கூழ் அட்டு, வரிசையாக உட்கார்ந்து அவை உண்ணும் கோலாகலத்தைப் படித்துச் சிரிக்காதவர் யார்? அந்தக் கலிங்கப் போருக்கு முதற்குலோத்துங்கன் ஆணையிட்டதாகப் பரணி சொல்லும் இடமே நம் காஞ்சிதான். ஆகவே ராகவா லாரன்சின் படத்தில் பேயைக் கண்ட கதாநாயகன் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்வது நம் மரபுக்குப் புறம்பானதன்று. 2011இல் வந்த அப்படத்தில் சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. நிலத்தை அபகரித்தவர்களால் கொல்லப்பட்டவள். தன்னைப் போன்ற இன்னொருத்தியை மருத்துவம் படிக்க வைத்தவள். சிரித்துக்கொண்டே வந்த கூட்டம் அந்தப் பகுதியில் வாயடைத்துப் போயிற்று. தெருவில் திருநங்கையரைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் நாம், அவள் இறந்து பேயான பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவள் கதையைக் கேட்டோம்.

சிரிப்பை நான் குறை சொல்லவில்லை. என் குறை நம் படங்களின் முடிவைப் பற்றியது. ‘சந்திரமுகி’யை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அரசன் வேட்டையன் ஒரு நடனப் பெண்ணை வலிந்து கொண்டுவந்து, அவள் காதலனை வெட்டி, அவளை உயிரோடு எரித்தான். அவள் கேட்பது நியாயம். முடிவில் அவளுக்குக் கிடைப்பது என்ன? அரசன் என்று நம்ப வைத்து, கொளுத்துவதற்கு ஒரு பொம்மை! கங்கா என்ற பெண்ணின் மனநோய் தீர அது நல்ல உபாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையரங்கை விட்டு வரும் நாம் நோய் தீர்ந்த மகிழ்ச்சியில் எரிக்கப்பட்டவளை மறந்தே போய்விடுகிறோம். ‘ரிங்கு’ படத்தில் நேர்மாறாக ஒன்று நடக்கிறது. கதாநாயகி கிணற்றில் இறங்கி சதாகோவின் எலும்புகளை எடுத்து விடுகிறாள். இனி அமைதியாகிவிடுவாள் என்று நினைக்கிறாள். ஆகவில்லை. எடுத்துப் புதைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. அவளுடைய கதையை இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தால்தான் உயிர் பிழைக்கலாம். அச்சுறுத்தும் முடிவுதான், எனினும் நம் பொம்மையைவிட நேர்மையானது. தமிழிலும் 2009இல் அறிவழகன் இயக்கிய ‘ஈரம்’ அவ்வாறு நேர்மையாக வந்தது. மனைவியைச் சந்தேகித்த கணவன் மட்டும் அங்கே குற்றவாளி அல்லன்; அடுக்குமாடி வீட்டில் அவளைப் பற்றி வம்பு பேசிய அண்டை வீட்டாரையும் அவள் தண்ணீராக வந்து கணக்குக் கேட்கிறாள்.

ஏன் நம் பேய்களை இப்படி விரட்டியே பழகிவிட்டோம் என்றால், அதற்கு விடை காஞ்சியிலிருந்து அரக்கோணம் போய் ரயில் மாறினால் வந்துவிடும் திருவாலங்காட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய பழையனூர்தான் நீலியின் ஊர். கதை பலவாறு வழங்குகிறது. பெரும்பாலும் சொல்லப்படுவது இது. காஞ்சிபுரத்தான் ஒருவன் காசிக்குப் போய், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒருத்தியை மணந்தான். அழைத்து வரும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிட்டான். மறுபிறவியில் அவன் காஞ்சிபுரத்து வணிகனாகப் பிறந்தான். அவள் நீலி என்னும் பேயானாள். வணிகன் பழையனூருக்கு வந்தபோது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்’ என்று ஊர் மன்றத்தில் அழுதாள். மன்றத்து வேளாளர் எழுபது பேரும் அவள் கண்ணீரை நம்பினர். அவன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, அவன் கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்து, அவளோடு இரவு தங்கச் செய்தனர். விடியுமுன் அவள் அவனைக் கொன்றாள். சொன்ன சொல் தவறாத எழுபது பேரும் தீப்பாய்ந்தனர். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இதைச் சுட்டுகிறார். பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் இன்றும் உண்டு.

அந்த எழுபது பேரின் வாய்மையைப் போற்றுவதில் எனக்கு எள்ளளவும் தடையில்லை. ஆனால் நீலிக்கு நாம் கொடுத்தது என்ன? ஒரு சொற்றொடர். ‘நீலிக் கண்ணீர்’. பொய்யழுகைக்கு அதுவே தமிழில் பெயர். முதலில் கொல்லப்பட்டவள் அவள்தான் என்பது கதையில் இருக்கிறது, சொற்றொடரில் இல்லை. அவள் மன்றத்தில் சொன்னது பொய், மறுக்க முடியாது. அவள் அழுததும் பொய்யா? காட்டில் கழுத்தை நெரித்தவன் எதிரே நிற்கும்போது வருகிற கண்ணீர் பொய்க் கண்ணீராக இருக்குமா?

அதே ஆலங்காட்டுக்கு வந்து சேர்ந்த இன்னொரு பெண், தானே விரும்பிப் பேயுருவம் கேட்டுப் பெற்றவள். கணவன் அஞ்சி விலகிப் போன பின் தன் அழகையும் இளமையையும் உதறியவர் காரைக்கால் அம்மையார். அவரை ‘அம்மையே’ என்று இறைவனே அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். 1973இல் ஏ. பி. நாகராஜன் அவர் கதையைப் படமாக்கினார், கே. பி. சுந்தராம்பாள் அதில் நடித்தார். ஒரே ஊரில் இரண்டு பேய்மகளிர். அழாதவரை அம்மை என்றோம். அழுதவளை ஏமாற்றுக்காரி என்றோம்.

நீலியை நம் அண்டை மாநிலத்தார் அப்படி விட்டுவிடவில்லை. கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலியை, குழந்தைகளை மிரட்டும் யட்சியாகத்தான் அவர்களும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2025இல் வந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படம் அந்த நீலியையே கதாநாயகியாக்கி, துன்பப்படுகிறவர்களைக் காக்க வருபவளாகக் காட்டிற்று. மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஒரு தமிழாசிரியை ஏன் இவ்வளவு மனத்தாங்கலோடு எழுதுகிறாள் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், நம் நகரிலேயே வேறொரு பள்ளியில் நான் புதிதாகப் பணியில் சேர்ந்த காலம். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் தொடர்ந்து மூன்று நாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். வகுப்பில் தூங்கி விழுந்தாள். காரணம் கேட்டேன், வாய் திறக்காமல் அழுதாள். நான் வகுப்பு முழுவதும் கேட்க, “இந்த நீலிக் கண்ணீர் எல்லாம் என்னிடம் வேண்டாம்” என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல தமிழ்ச் சொல்லாட்சியாகவும் தோன்றியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாகக் கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்கு மறுபக்கம் கை எட்டாது. அந்தக் கரைப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து நாடா போட வேண்டும். முகூர்த்த நாள் நெருங்கும் சமயம். அந்த வீட்டில் துணைக்கு இருந்த ஆள் நின்றுவிட்டான். தந்தைக்கு எதிரே தறியில் அந்தப் பெண் நடுச்சாமம் வரை உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துக் கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சித்தான் வாயைத் திறக்கவில்லை. எழுபது பேர் நம்பிய கண்ணீரைப் பொய் என்று படித்தவள் நான். என் கண்ணெதிரே வந்த மெய்க் கண்ணீரை அந்தப் படிப்பே எனக்கு மறைத்துவிட்டது.

பொய்யாக அழுகிறவர்களே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டு நின்றவளுக்கு அது தெரியாதா! தேர்வன்று காலையில் வரும் வயிற்றுவலிகள் எத்தனை! ஆனால் பொய்யென்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு முறை கேட்டுவிட்டால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. என் வகுப்பில் அன்றிலிருந்து அந்தச் சொற்றொடருக்கு இடமில்லை. பொருள் எழுதுக என்று வினாத்தாளில் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். வேறொருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிறு குழந்தைகளை இரவில் இத்தகைய படங்களுக்கு முன் உட்கார வைக்க வேண்டாம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ‘ரிங்கு’ படத்தைப் பார்த்துவிட்டு நானே ஒரு வாரம் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் துணி போட்டு மூடி வைத்தேன். வளர்ந்த பெண்கள் பார்க்கட்டும். பார்த்த பின் ‘பயமாக இருந்ததா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், ‘அவளைக் கொன்றது யார்? அவள் உயிரோடிருந்தபோது யாரிடமாவது சொன்னாளா? கேட்டவர் என்ன செய்தார்?’ என்று நீங்கள் கேளுங்கள். உங்கள் மகள் அப்போது படத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். சில வீடுகளில் வேறு செய்தியும் வெளியே வரும்.

அந்தப் பெண்ணை மூன்று ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கையில் குழந்தை. என்னை அடையாளம் கண்டு ஓடி வந்து, “நல்லா இருக்கீங்களா டீச்சர்?” என்றாள். நான் அன்று சொன்னதை நினைவுபடுத்தி, என்னை மன்னித்துவிடு அம்மா என்றேன். சிரித்தாள்.

“அதை விடுங்க டீச்சர். எனக்கு அந்தச் சேலைதான் ஞாபகம். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. விடியக்காலையிலே அறுத்துக் குடுத்தோம். அப்பா எனக்கு இட்லி வாங்கிக் குடுத்தாரு.”

சற்று நேரம் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டு நின்றாள். “ஆனா அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூடத்திலே அழவே இல்லை டீச்சர், பத்தாவது முடிக்கிற வரைக்கும்” என்றாள். அவளுடைய பேருந்து வந்துவிட்டது.